ஒரே சொட்டு மருந்து, வேறு வேறு கண்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், உறுப்பினரும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

எனக்குப் பிறகு குடிநீர்க் குழாய் விஷயமும் பூங்கா விஷயமும் இருக்கின்றன. அதில்தான் சூடு பறக்கும் என்று தெரியும். அதனால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேண்டுகோள் போட்டிருந்தேன். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலோ அலமாரியிலோ கிடக்கும் கண் சொட்டு மருந்துப் புட்டிகளை எடுத்து வாருங்கள் என்று. வாத்தியார் எதற்கு இதையெல்லாம் கேட்கிறார் என்று சிலர் சிரித்திருப்பீர்கள். இதோ மேசையில் பதினேழு புட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என் மச்சான் கதை. அக்கா வீட்டுக்காரர். நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருந்தார். ஒன்றை அவரே ஓட்டுவார். கோழித்தீவனம், மக்காச்சோளம், சில நேரம் சிமெண்ட். தூசியிலேயே வாழ்க்கை. ஒரு தடவை மெட்ராஸ் ஐ மாதிரி வந்து, அது நின்றபிறகும் அரிப்பு நிற்கவில்லை. ஒரு டாக்டர் பத்து நாளைக்கு ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். போட்டதும் அரிப்பு போயிற்று, சிவப்பும் போயிற்று. பத்து நாள் கழித்து அரிப்பு திரும்பி வந்தது. மச்சான் டாக்டரிடம் போகவில்லை. காலிப் புட்டியை பைபாஸ் ஓரம் ஒரு மருந்துக்கடையில் காட்டினார், கொடுத்தார்கள். அப்புறம் வண்டி நிற்கிற ஊரிலெல்லாம் காட்டினார். இப்படியே இரண்டு வருஷம்.

வலி கிடையாது. பார்வை மங்கவில்லை. நேரே இருக்கிற போர்டை நன்றாகப் படிப்பார். ஆனால் பக்கவாட்டில் வருகிற பைக் தெரியவில்லை. ஒரு நாள் சுங்கச்சாவடித் தூணில் வண்டியை உரசினார். அடுத்த மாதமும் உரசினார். "தூக்கக் கலக்கம்" என்றார். அக்காதான் விடாப்பிடியாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண் அழுத்தம் ஒரு கண்ணில் 38, இன்னொன்றில் 34. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது. பார்வை நரம்பில் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தது. மருந்தை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கிவிட்டது. போன பார்வை போனதுதான். லாரியை விற்றுவிட்டார்.

இதில் என்னை உறுத்திய கேள்வி வேறு. அவரோடு கூட ஓடிய கிளீனர் பையனும் அதே மருந்தை அவர் புட்டியிலிருந்தே போட்டுக்கொண்டவன்தான். அவன் கண்ணில் அழுத்தம் 14. ஒன்றுமே ஆகவில்லை. ஒரே மருந்து, ஒரே தூசி. ஒருவருக்குப் பார்வை போகிறது, இன்னொருவருக்குக் கீறல்கூட இல்லை. ஏன்?

இதற்குப் பதில் சொல்ல, கண்ணுக்குள் இருக்கிற ஒரு சின்னச் சல்லடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கருவிழிக்குப் பின்னால் ஒரு தெளிந்த நீர் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வருகிற கண்ணீர் அல்ல, இது உள்ளே இருப்பது. நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் அளவு ஊறும். ஒரு துளியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகிற நீர் வெளியே போகவேண்டும் அல்லவா? கருவிழியும் அதன் பின்னாலுள்ள வண்ணத் திரையும் சேருகிற மூலையில் சல்லடைபோல ஒரு திசு இருக்கிறது. அதன் வழியாகத்தான் வடிகிறது. ஏரிக்கு மதகு மாதிரி. மதகு அடைத்தால் நீர்மட்டம் ஏறும். இங்கே ஏறுவது அழுத்தம். அந்த அழுத்தம் பின்னாலிருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதைத்தான் கிளாக்கோமா, கண் அழுத்த நோய் என்கிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் பரிசோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

இனி மரபணு. பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. கண்ணிலும் அதே, கல்லீரலிலும் அதே. பிறகு கண் ஏன் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருக்கின்றன? ஒரு பெரிய ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளையிலும் அதே மெனு அட்டைதான். ஆனால் ஒரு கிளையில் காலையில் இட்லி மட்டும் ஓடும், இன்னொரு கிளையில் ராத்திரி பரோட்டா மட்டும் ஓடும். எது ஓடுகிறது என்பதை மெனுவைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையற்கட்டுக்குப் போகிற ஆர்டர் சீட்டுகளை எண்ணினால்தான் தெரியும். செல்லுக்குள்ளும் அப்படித்தான். மரபணு என்பது மெனு. எந்த மரபணு வேலை செய்கிறதோ அதற்கு ஆர்டர் சீட்டு எழுதப்படும். அந்தச் சீட்டுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். விழித்திரையில் ரோடாப்சின் என்ற மரபணுவின் சீட்டு குவிந்து கிடக்கும், அதுதான் மங்கலான ஒளியில் பார்க்க உதவுவது. கண் லென்ஸில் கிரிஸ்டலின்களின் சீட்டுகள். அந்தப் புரதங்கள்தாம் லென்ஸைக் கண்ணாடிபோல வைத்திருக்கின்றன. ஒரு திசுவில் உள்ள சீட்டுகளையெல்லாம் எடுத்து, எது எத்தனை என்று இயந்திரம் வைத்து எண்ணுவதுதான் இன்றைக்கு மரபணு செயல்பாட்டு ஆய்வு.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சீட்டுகளைப் பார்க்க அந்தத் திசுவே வேண்டும். ரத்தத்தை எடுத்தால் ரத்தத்தின் சீட்டுதான் கிடைக்கும். கல்லீரலில் ஊசி போட்டுத் துளி எடுக்கலாம். கண்ணின் சல்லடையில் உயிரோடு இருப்பவரிடம் யார் வெட்டி எடுப்பது? 2010-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். இறந்தவர்களின் உடலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட திசுக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பட்டியல் போட்டார்கள். மூளை இருக்கிறது, தோல் இருக்கிறது, சிறுகுடல்கூட இருக்கிறது. கண் இல்லை! பிறகு அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் ஆனந்த் ஸ்வரூப் என்பவரின் குழு, தானமாக வந்த 453 பேரின் விழித்திரைகளை வைத்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்து 2019-இல் வெளியிட்டது. அதுவும் விழித்திரைக்குத்தான். நம் சல்லடைக்கு அல்ல.

சரி, மச்சான் போட்ட மருந்துக்கு வருவோம். அது ஸ்டீராய்டு. நாம் ஸ்டீராய்டை வீக்கம் குறைக்கிற மருந்து என்று நினைக்கிறோம். அது எப்படிக் குறைக்கிறது? செல்லுக்குள் நுழைந்து, அங்கே தனக்கென்று இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, உட்கருவுக்கே போய், சில மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது, சிலவற்றைத் தூங்க வைக்கிறது. அதாவது ஆர்டர் சீட்டையே மாற்றி எழுதுகிற மருந்து அது. அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்குகிற சீட்டுகளை நிறுத்துகிறது, நமக்குச் சுகமாக இருக்கிறது. ஆனால் அதே சொட்டு பக்கத்திலிருக்கும் சல்லடைக்கும் போகிறது. அங்கேயும் சீட்டை மாற்றுகிறது. சல்லடையின் செல்களைச் சுற்றி நார்போன்ற பொருள்கள் அதிகமாகச் சேருகின்றன, செல்களும் விறைத்துப்போகின்றன. மதகில் சேறு சேர்ந்த மாதிரி.

1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் பொலான்ஸ்கி என்பவரின் ஆய்வகத்தில், தானக் கண்களின் சல்லடையிலிருந்து செல்களை வளர்த்து, ஸ்டீராய்டு ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு மரபணு மற்றவற்றைவிட மிகமிக அதிகமாக விழித்துக்கொண்டது. அதே காலத்தில், பரம்பரையாகக் கிளாக்கோமா வருகிற குடும்பங்களில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று எட்வின் ஸ்டோன் குழு தேடிக்கொண்டிருந்தது. 1997-இல் கிடைத்தது. பார்த்தால் இரண்டும் ஒன்றே! இன்றைக்கு அதற்கு மையோசிலின் என்று பெயர். எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும். மலையின் இரண்டு பக்கமிருந்தும் சுரங்கம் தோண்டியவர்கள் நடுவில் கைகுலுக்கின மாதிரி. ஆனால் ஒன்று, இதோடு கதை முடிந்துவிடவில்லை. மையோசிலின் கெட்டிருப்பவர்கள் கிளாக்கோமா நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறுகிறவர்களோ ஏராளம். 1960-களிலேயே ஆர்மலி, பெக்கர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், தனித்தனியாக, கண்ணோய் இல்லாதவர்களுக்குச் சில வாரம் ஸ்டீராய்டு சொட்டு போட்டுப் பார்த்துச் சொன்னார்கள்: மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறுகிறது, நூற்றில் நான்கைந்து பேருக்குக் கடுமையாக ஏறுகிறது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. என் மச்சான் எந்தக் கணக்கு, கிளீனர் பையன் எந்தக் கணக்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இந்த 'ஏன்' என்பதைத் தேடுகிற வேலை மதுரையில் நடக்கிறது என்று எனக்குத் தெரியவந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவு. அங்கே முனைவர் செந்தில்குமாரியின் குழு, வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்துக் கொலின் வில்லோபியோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது.

அவர்கள் செய்வதைக் கேளுங்கள். தானமாக வந்த கண்ணின் முன்பாதியைச் சல்லடையோடு எடுத்து, ஒரு சிறு கிண்ணத்தில் பொருத்தி, உள்ளே ஊறுகிற அதே வேகத்தில், நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர், சத்துநீரைப் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். திசு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அழுத்தத்தை அளக்கலாம். இப்போது பாருங்கள், ஒருவருக்கு இரண்டு கண் இருக்கிறது. ஒரு கண்ணுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இன்னொரு கண்ணுக்கு அது இல்லாத வெறும் திரவம். வயது, சாப்பாடு, சர்க்கரை, பரம்பரை எல்லாமே இரண்டுக்கும் ஒன்று. வித்தியாசம் மருந்து மட்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை நோயாளிகளைச் சேர்த்தாலும் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. மருந்து போட்ட கண்ணில் அழுத்தம் ஏறினால் அந்த மனிதர் 'ஏறுகிறவர்'. ஏறாவிட்டால் 'ஏறாதவர்'. உயிரோடிருந்தபோது அவருக்கே தெரியாத விஷயம் இது.

பிறகு இரண்டு வகையினரின் சல்லடைச் செல்களிலும் ஸ்டீராய்டு போட்டு, ஆர்டர் சீட்டுகளை எண்ணினார்கள். 2022-இல் வெளியிட்டார்கள். ஏறுகிறவர்களின் செல்களில் 600-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் வேலை மாறியிருந்தது. ஏறாதவர்களில் 200-க்குச் சற்று மேல். இரண்டிலும் பொதுவாக மாறியவை 80 அளவுதான். நான் இதைப் படித்தபோது சற்று நேரம் நிறுத்திவிட்டேன். ஏறாதவர்கள் என்றால் மருந்து அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்றுதானே நினைப்போம்? அப்படியில்லை. அவர்கள் செல்களிலும் மருந்து வேலை செய்திருக்கிறது, ஆனால் வேறு மரபணுக்களைத் தொட்டிருக்கிறது. ஒருவேளை அவற்றில் சில மதகைக் காப்பாற்றுகிறவையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். எண்ணப்பட்டவை சிலரின் கண்களே. இன்னும் நிறையக் கண்களில் பார்த்தாக வேண்டும்.

ஆகவே, ரத்தத்தைக் கொடுத்து "எனக்கு ஸ்டீராய்டு ஏறுமா" என்று இன்றைக்குக் கேட்டுச் சொல்ல வழக்கத்தில் ஒரு பரிசோதனை கிடையாது. யாராவது விளம்பரத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். அழுத்தத்தை அளப்பது ஒன்றுதான் இப்போதைக்கு வழி. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இப்போது, நான் இந்தப் பேச்சையே எடுக்கக் காரணமான விஷயம். போன வருஷம் என் அக்கா தவறிப்போனார். கண்தானம் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். நாங்களும் உடனே ஃபோன் செய்தோம். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை வைத்து உயர்த்தி, எல்லாம் சரியாகச் செய்தோம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதற்குள் வந்துவிட்டார்கள். வந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். படிவத்தில் ஒரு வரியைக் காட்டினார். கருவிழி இன்னொருவருக்குப் பொருத்த முடியாத நிலையில் இருந்தால் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தச் சம்மதமா என்று.

வீடு கொந்தளித்துவிட்டது. அக்கா மகன், "அம்மா கண்ணு யாருக்காவது பார்வை கொடுக்கும்னுதான் சம்மதிச்சோம், வெட்டிப் பாக்கறதுக்கு இல்லை" என்றான். பெரியவர்கள் சிலர் அவன் பக்கம். விலங்கியல் வாத்தியார் நான், முப்பது வருஷம் தவளையை அறுத்துப் பாடம் எடுத்தவன், வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ரெண்டு பேர் பார்வை பெற்றார்கள் என்று பேப்பரில் வருவது ஒரு ஆறுதல். கிண்ணத்தில் பொருத்திப் பம்பு வைத்தார்கள் என்பதில் என்ன ஆறுதல்?

மச்சான்தான் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். "எங்கே கையெழுத்து?" என்று கேட்டார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "என் கண்ணு ஏன் போச்சுன்னு கேட்டேன், டாக்டருக்குச் சொல்லத் தெரியலை. யார் கண்ணையும் பார்க்காம அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பெண் பரவாயில்லை ஐயா என்றார்.

அக்காவின் கண்கள் யாருக்காவது பொருத்தப்பட்டனவா, ஆய்வகத்துக்குப் போயினவா என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் படித்துத் தெரிந்துகொண்டேன். பொருத்துவதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் கருவிழிதான். சல்லடை, லென்ஸ், விழித்திரை எல்லாம் ஒருவருக்கும் பொருத்தப்படுவதில்லை. ஆராய்ச்சிக்குச் சம்மதம் இல்லையென்றால் அவற்றிலுள்ள சீட்டுகளை யாரும் படிக்க முடியாது. அந்தச் சீட்டுகளும் நீண்ட நேரம் நிற்பவை அல்ல, உயிர் போனதிலிருந்தே கரையத் தொடங்குகின்றன.

கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர் எல்லோரும் கண்தானம் செய்யலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி நோய் போன்ற சிலவற்றுக்கு மட்டும் எடுக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்த நேரத்தில் வீட்டார் சம்மதிக்காவிட்டால் நடக்காது. ஆகவே அந்த ஒரு வரியைப் பற்றி இன்றைக்கே ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் பேசி வைத்துவிடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சரி. கொந்தளிக்கிற நேரத்தில் அதைப் பேசவேண்டி வரக்கூடாது, அவ்வளவுதான்.

இனி புட்டிகள். கூட்டம் தொடங்குமுன் படித்துப் பார்த்துவிட்டேன். லேபிளில் மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், இவையெல்லாம் ஸ்டீராய்டு. பல சமயம் ஒரு ஆன்டிபயாட்டிக்கோடு கலந்து வரும், அதனால் கவனிக்கத் தவறிவிடுவோம். சிவப்புக் கோடு போட்டிருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. டிமோலால் என்று இருந்தால் அது நேர்மாறானது, அழுத்தத்தைக் குறைப்பது. பெயர் குழம்பி அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பதினேழில் ஆறு ஸ்டீராய்டு. அதில் நான்கு, ஆபரேஷன் முடிந்து மிச்சம் வைத்தது. ஒன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுடையது, வெயில் காலத்து அரிப்புக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். குழந்தைகளுக்கு அழுத்தம் இன்னும் சுலபமாக ஏறும். அந்த வீட்டாரிடம் தனியாகப் பேசிவிட்டேன், திங்கட்கிழமை கூட்டிப்போகிறார்கள்.

நேரம் ஆகிவிட்டது. ஏதாவது கேள்வி?

(கேள்வி நேரத்தில் கேட்கப்பட்டவற்றில் இரண்டு மட்டும் இங்கே.)

மூன்றாவது குறுக்குத் தெரு அம்மா ஒருவர்: "எனக்கு புரை ஆபரேஷன் ஆகி பன்னிரண்டு நாள்தாங்க ஆகுது. நீங்க பேசினதைக் கேட்டு பயமா இருக்கு. மருந்தை நிறுத்திடட்டுமா?"

வேண்டாங்க அம்மா, நிறுத்தவே நிறுத்தாதீங்க. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மருந்து அவசியம், இல்லாவிட்டால் உள்ளே வீக்கம் அடங்காமல் போகலாம். டாக்டர் சொன்ன கணக்குப்படி குறைத்துக்கொண்டே வந்து, அவர் சொன்ன நாளில் நிறுத்துங்கள். வரச்சொன்ன தேதியில் போய் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் சில வாரம் தொடர்ந்து போட்ட பிறகு. டாக்டர் கண் பார்வையில் போடுவது வேறு, என் மச்சான் போட்டது வேறு.

செயலாளர்: "அந்த கிளீனர் பையன் இப்ப எப்படி இருக்கான்?"

நன்றாக இருக்கிறான். திருச்செங்கோட்டில் ரிக் வண்டியில் வேலை. மச்சானைப் பார்க்க வருவான். வரும்போதெல்லாம் அவன் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டானா என்றுதான் மச்சான் முதலில் கேட்பார்.